அத்திப்பழத்தைக் கொட்டிவிடாதீர்கள்

என்னங்க,

சாப்பாட்டை மேசையில் மூடி வைத்திருக்கிறேன். சன்னலோரக் கிண்ணத்தில் ஊறுவது என் அத்திப்பழம். போன வாரம் மாதிரி, "அழுகிப்போச்சுன்னு நெனச்சேன்" என்று கொட்டிவிடாதீர்கள்.

ஒன்பது வருடமாகப் பழம், கீரை, நார்ச்சத்துத் தூள், சொம்பு சொம்பாகத் தண்ணீர் என்று இந்த மலச்சிக்கலோடு மல்லுக்கட்டுகிறேன். துணிக்கடையில் கழிவறைப் பக்கம் போனாலே மேலாளர் கடிகாரத்தைப் பார்ப்பார். அடக்கி அடக்கி வந்த வினை. திங்கட்கிழமை இரத்தம் போனது. உங்களிடம் சொன்னேன். "இதுக்கெல்லாமா டாக்டர்? ரெண்டு வாழைப்பழம் சாப்பிடு" என்றுவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினீர்கள்.

இன்று விடுப்புப் போட்டுப் பரிசோதனைக்குப் போகிறேன். துணைக்கு ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கடையில் என்னோடு பில் போடுகிற பெண் வருகிறாள். நான் கேட்கவில்லை. அவளே, "நான் வரேன்க்கா" என்றாள்.

சாவி செருப்பு அலமாரிமேல் இருக்கிறது.

பி.கு.: உங்கள் தம்பி வந்து அண்ணி எங்கே என்று கேட்டால், கடைக்குப் போயிருக்கிறாள் என்று மழுப்ப வேண்டாம். "உள்ள போனா ஒரு தூக்கம் போட்டுட்டுதான் வருவா" என்று அன்று அவரிடம் சொல்லிச் சிரித்தீர்களே, கழிவறைக் கதவுக்குள் இருந்த எனக்குக் கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள் என்று இதையும் நீங்களே சொல்லுங்கள்.