திருகாணி கழற்றிய கை

பிரவீண்,

எம்.டி.எஸ். நுழைவுத் தேர்வுக்கு சால்ட் லேக் கிளம்பிட்டேன். சாம்பாரைச் சுட வெச்சுக்கோங்க. "முப்பத்தஞ்சு வயசுல என்ன பரீட்சை?"ன்னு கேட்டீங்க, நாலு நாளா நமக்குள்ள பேச்சில்லை. அதனால எழுப்பலை.

பரீட்சை ஹாலுக்கு மூக்குத்தி போடக் கூடாதாம். கிளினிக்ல தினம் பத்துப் பேருக்குப் பல்லைப் பிடுங்குறேன், என் மூக்குத்தித் திருகாணியை என்னால கழற்ற முடியலை. கீழ்வீட்டு வங்காளி அண்ணி, நம்ம பௌதிதான், எண்ணெய் விட்டுக் கழற்றினாங்க.

"பிரவீண் பாபு எங்கே?"ன்னு கேட்டாங்க. ஊர்ல இல்லைன்னு சொல்லிட்டேன். நான் வர்ற வரைக்கும் தயிர் வாங்கக்கூடப் படியிறங்காதீங்க.

கல்யாணி

மறந்துட்டேன்: மூக்குத்தி கண்ணாடி முன்னால கிண்ணத்துல இருக்கு. சாயங்காலம் மாட்டிவிட ஒரு ஆள் வேணும். மறுபடியும் என்னைக் கீழ்வீட்டுக்கு அனுப்பாதீங்க.