தடம் தெரியக் கூடாது

ஜூன் 4, செவ்வாய்

இன்றும் அந்தப் பெரிய கண் பொம்மைப்பெண்ணின் கன்னம்தான். பதினோரு வருஷமாக ஒரு பெரிய ஓவியரின் ஸ்டூடியோவில், அவர் படங்களில் வரும் அவளுக்கு வண்ணம் பூசுகிறேன். அவளுக்கு வயசாகவில்லை, எனக்கு நாற்பத்து மூன்று. வேலையைச் சரிபார்க்கும் குரோசு சார், விளக்கைச் சாய்த்துப் பிடித்து, தூரிகைத் தடம் தெரிந்த மூன்று இடத்தில் நீல டேப் ஒட்டினார். "என்ன ஓரியேம்மா, இங்க யாரோ மனுஷி வேலை செஞ்சிருக்கான்னு தெரியுதே!" எங்கள் இடத்தில் இதைவிடப் பெரிய திட்டு கிடையாது. உப்புத்தாளால் தேய்த்து மறுபடி பூசினேன்.

மாலையில் மிசுஹோ போன் செய்தாள். கல்லூரித் தோழி, யானகா பகுதியில் சின்ன ஓவியக்கூடம் வைத்திருக்கிறாள். செப்டம்பரில் என் படத்தை மாட்ட அங்கே ஒரு சுவர் தருகிறாளாம். "படிக்கிறப்போ கறுப்பு மையில முரட்டுத்தனமா இழுப்பியேடி, அதைக் கொண்டா. அந்த பொம்மை மூஞ்சி எனக்கு வேண்டாம்." சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

ஜூன் 16

ஞாயிறு முழுக்க மைக்கட்டியைக் கல்லில் உரைத்து வரைந்தேன். ஆறு தாள். ஒன்றும் தேறவில்லை.

ஜூன் 30

கோடு தொடங்கும் முன்பே கை அதன் முடிவை யோசிக்கிறது. கோணல் இல்லை, தீற்றல் இல்லை. அவ்வளவு சுத்தம். பற்றிக்கொண்டு வருகிறது.

ஜூலை 21

வந்துவிட்டது! வெள்ளை பூசிய பலகையில், அகலத் தூரிகையால் ஒரே இழுப்பு. பாதியில் மயிர் பிரிந்து வெள்ளை கிழிந்து தெரிகிறது. கீழே ஒரு சொட்டு. இருபது வயதில் நான் இப்படித்தான் வரைந்தேன். சுடுசோற்றில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றி, படத்தின் முன்னால் நின்றபடியே சாப்பிட்டேன்.

ஜூலை 28

எழுதவே கை கூசுகிறது.

தூசி துடைக்கலாம் என்றுதான் பலகையை எடுத்தேன். ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்தது. அந்தச் சொட்டு மேடாகத் தெரிந்தது. உப்புத்தாள் கைக்கு எப்படி வந்தது — தெரியாது. சொட்டு போயிற்று. பக்கத்தில் மயிர்க்கீறல்; அதையும் தேய்த்தேன், மை பூசினேன், மறுபடி தேய்த்தேன். ரேடியோவில் பள்ளிக்கூடப் பையன்களின் பேஸ்பால். ஆட்டம் முடிந்து நிமிர்ந்தால் பலகை வழவழவென்று இருக்கிறது.

அடிப்பாவி, என்னடி பண்ணித் தொலைச்சே? யாரும் சொல்லலையே. யாரும் டேப் ஒட்டலையே.

செப்டம்பர் 8

அதற்குப் பிறகு வேறு எதுவும் வரவில்லை. அதையே மாட்டினோம். ஒரு பெரியவர் மூக்கு உரசுகிற மாதிரி கிட்டப்போய்ப் பார்த்து, "பிரமாதம்! எந்த மெஷின்ல அடிச்சது?" என்றார். வாங்கியும்விட்டார். விற்றுவிட்டது என்று சிவப்புப் பொட்டு ஒட்டும்போது மிசுஹோ என் முகத்தைப் பார்க்கவில்லை. கூடத்தை மூடிய பிறகுதான் சொன்னாள்: "நீ வரவே இல்லடி. உன் ஸ்டூடியோதான் வந்திருக்கு."

கோபம் வரவில்லை. பயமாக இருந்தது.

செப்டம்பர் 9

விலகல் கடிதம் கொடுத்தேன். குரோசு இரண்டு முறை படித்தார். "உங்க கை மாதிரி இங்க வேற கை இல்லம்மா, தெரியுமா?"

"தெரியும் சார். அதனாலதான்."

டிசம்பர் 1

காலையில் சாப்பாட்டுக் கடையில் அரிசி களைகிற வேலை. மதியத்துக்கு மேல் வீட்டில் வரைகிறேன். இன்று வரைந்தது படுமோசம். கோடு பாதியில் நடுங்கி, ஓரத்தில் மை குட்டையாகத் தேங்கிவிட்டது. போனில் படமெடுத்து மிசுஹோவுக்கு அனுப்பினேன். "அசிங்கமா இருக்குடி. தொடாதே" என்று பதில் வந்தது.

தேய்த்துத் திருத்தக் கை பரபரத்தது. எழுந்து வீட்டைப் பூட்டினேன். மை காயும்வரை ஆற்றங்கரையில் நடந்தேன்.