தறி நிற்கும் நேரம்

கார்த்திகை 28, ஞாயிறு

யமுனா இன்று வயலின் தேர்வில் வேண்டுமென்றேதான் தப்பாக வாசித்தாள். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பயந்திருந்தால் வில் நடுங்கும். அவள் வில் நடுங்கவே இல்லை. தப்பான ஸ்வரத்தை நிதானமாக, முழுதாக இழுத்தாள்.

வெளியே வந்ததும், "ஃபெயில்தாம்மா. இனிமே கிளாஸ் வேணாம் இல்ல?" என்றாள். முகத்தில் அத்தனை நிம்மதி.

தறிச் சத்தத்தில் சுருதி கேட்காது என்று, மூன்று வருடமாகத் தினமும் காலையில் ஒரு மணி நேரம் தறியை நிறுத்திவிட்டு, அவள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் அவள் அப்பா. விட்டுப்போன வேலையை ராத்திரி நெய்து ஈடுகட்டுகிறார். அந்த மனிதரிடம் இதை எந்த வாயால் சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் அவளே சொன்னாள்: "சரியா வாசிக்கலப்பா."

"பயந்துக்கினு இருந்திருப்பே. விடும்மா, பிராக்டிஸ் பத்தல, அவ்ளோதான். நாளைலேர்ந்து ரெண்டு மணி நேரம் தறிய நிறுத்திடறேன். நீ வாசி."

யமுனா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நீயாவது சொல்லேன் என்கிற பார்வை. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"அப்போ எத்தனை மணிக்கு எழுப்பட்டும்?" என்று கேட்டேன். எனக்கே என்னை அறையலாம் போலிருந்தது.

அலாரம் ஐந்து மணிக்கு வைத்தாயிற்று. யமுனா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். தூங்குகிற பிள்ளை இப்படி அசையாமல் படுத்திருக்காது.