இரண்டு வண்டிக்கு ஒரு செருப்பு

நீ அன்று குடிக்கவில்லை. வண்டியின் இரும்புச் செருப்பை நீ விற்கவும் இல்லை. கோப்பி ஸ்டோர்க் கணக்கப்பிள்ளை நம் இரண்டு மாட்டு வண்டிக்குமாக ஒரே செருப்பைக் கொடுத்துவிட்டு, உன் சாவு விசாரணையில் இரண்டு கொடுத்ததாகச் சத்தியம் செய்தார். கோர்ட்டு அதை எழுதிக்கொண்டது. அந்தக் காகிதத்தில் நீ இன்றைக்கும் குடிகாரன், உன் கவனக்குறைவால் நீயே செத்தவன். அதன் அடியில் சாட்சியாக என் கையெழுத்தும் இருக்கிறது.

இன்று மத்தியானம் கடுகண்ணாவை இறக்கத்தில் வண்டியை நிறுத்திச் செருப்பின் மேல் தண்ணீர் ஊற்றினேன். ஆவி எழும்பியது. சுட்ட இரும்பும் நனைந்த செம்மண்ணும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் கால்கள் நின்றுவிட்டன. மூன்று மழைக்காலம் போய்விட்டது, மச்சான். வாடை மட்டும் போகவில்லை.

வண்டி ஓட்டாதவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். இறக்கத்தில் மாடு வண்டியை இழுப்பதில்லை, வண்டிதான் மாட்டைத் தள்ளும். அதனால் ஒரு சக்கரத்தைச் சுற்றவிடாமல் சங்கிலியால் கட்டி, அதன் அடியில் ஓர் இரும்புத் தட்டைக் கொடுப்போம். அதைத்தான் செருப்பு என்கிறோம். வெறும் சங்கிலி போட்டால் சக்கரம் ரோட்டை உழுதுவிடும், ரோட்டு ஓவர்சியர் பிடித்துக்கொள்வார். செருப்பு இருந்தால் வண்டி தேய்ந்து தேய்ந்து, ஆள் நடக்கிற வேகத்தில் இறங்கும்.

மடுல்கெல்லையில் கோப்பி ஏற்றினோம் என்றால் கொழும்பு போய்ச் சேரும்வரை நீ வண்டியைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டாய். பேராதனையில் ஆற்றுத் துறைக்கு வந்ததும் சக்கரங்களை ஊறப்போடுவாய். வெயிலில் மரம் சுருங்கினால் இரும்புப் பட்டை கழன்றுவிடும் என்பாய். ஏற்றத்துக்கு முன்னால் அச்சுக்கு வண்டி மை போடலாம், இறக்கத்துக்கு முன்னால் கூடவே கூடாது என்பாய். பிலிமத்தலாவையில் எல்லாரும் சோறு தின்கிறபோது நீ மூட்டைகளைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டிக்கொண்டிருப்பாய், இறக்கத்தில் பாரம் நுகத்தின் மேல் விழக்கூடாது என்று. கடையாணியை ஒவ்வொரு நிறுத்தத்திலும் கையால் தொட்டுப் பார்ப்பாய். "கண்ணு பொய் சொல்லும் மச்சான், வெரலு சொல்லாது" என்பது உன் பேச்சு.

நான் உன்னைக் கேலி செய்வேன். நீயும் விடமாட்டாய். கடைப் பலகைகளையும் மூட்டைகளில் எழுதும் அடையாளங்களையும் பார்த்து நான் தமிழ் படித்துக்கொண்டதை வழியெல்லாம் சொல்லிச் சிரிப்பாய். "எங்க வாத்தியாரு வண்டி வருது, ஒதுங்குங்கப்பா! எழுத்துக் கூட்டித்தான் ஓட்டுவாரு, நேரமாகும்!"

செருப்புக்கு வருகிறேன். ஸ்டோரில் வண்டி கூடிக்கொண்டே போனது, செருப்பு கூடவில்லை. இரண்டு வண்டிக்கு ஒன்று என்று ஜோடி சேர்த்துவிட்டார்கள். நாம் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டோம். முன்வண்டி செருப்போடு பாதி வழிச் சமதரைக்கு இறங்கும். சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, சூடு ஆறாத செருப்பைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டுபவன் மேலே ஏறி வருவான். பின்வண்டி அதே செருப்பில் இறங்கும். அடுத்த இறக்கத்துக்கும் அப்படியே. அரை நாள் போய்விடும், ஆனால் உயிர் போகாது. அந்த ஏற்பாட்டில் நமக்குப் பெருமைகூட இருந்தது. அதுதான் நாம் செய்த பிழை. செருப்பு போதவில்லை என்று ஸ்டோர் வாசலில் நின்று கத்தியிருக்க வேண்டியவர்கள், சமாளிக்கிறோம் என்று மார்தட்டினோம்.

அன்று கணக்கப்பிள்ளை மட்டக்குதிரையில் நம் கூடவே வந்தார். முந்தின பாரம் கப்பலுக்குப் பிந்திப் போனதாம், ஸ்டோர் துரை ஏசியிருக்கிறார். உச்சியில் மழை தூறிக்கொண்டிருந்தது. நான் செருப்பை எடுத்து வைத்ததும் அவர் குதிரையைக் குறுக்கே நிறுத்தினார்.

"என்னப்பா, ஏறி எறங்கி வெளாடுறீங்களா? ரெண்டு வண்டியும் ஒன்னா எறங்கட்டும்."

"செருப்பு ஒன்னுதானே ஐயா இருக்கு" என்றேன்.

"கெளைய வெட்டிப் பின்னால கட்டு, அது இழுத்துப் புடிக்கும். இதெல்லாம் நான் சொல்லணுமா ஒங்களுக்கு?"

நான் முறைத்துக்கொண்டு நின்றேன். நீதான் என் கையைப் பிடித்தாய். "விடு மச்சான். ஒன்னோட செவலை எறக்கத்தக் கண்டாப் பறப்பான். என்னோடது ரெண்டும் கெழடு, பய பக்தியா வரும். செருப்ப நீ மாட்டிக்க." சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு கிளை வெட்டப் போய்விட்டாய். நான் மாட்டிக்கொண்டேன்.

உன் மேல் சாராய வாடை அடித்தது உண்மை. காலையில் இடது மாட்டின் நுகப் புண்ணில் நீ சாராயம் தடவினாய். குப்பியை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வளைவு தாண்டியதும் பின்னால் சத்தம் கேட்டது. ஈரத்தில் கிளை கழன்றுவிட்டது. உன் வண்டி மாடுகளைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம். நான் விலக இடமில்லை. வேகமாக ஓடித் தப்பவும் முடியாது, என் சக்கரம் செருப்பில் பூட்டிக் கிடந்தது. என்னைக் காப்பாற்றக் கொடுத்த செருப்பு என்னை உன் வழியில் கட்டிப்போட்டுவிட்டது. "மச்சான், செவுத்தோட ஒட்டிக்க!" என்று கத்தினாய். நான் ஒட்டிக்கொண்டேன். நீ மாடுகளைப் பள்ளத்துப் பக்கம் திருப்பினாய்.

விசாரணையில் என்னைக் கேட்டார்கள். கோர்ட்டில் மொழிபெயர்த்துச் சொல்பவர் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"ஒன் வண்டிக்குச் செருப்பு இருந்ததா?"

"இருந்துச்சுங்க."

"செத்தவன் வண்டிக்கு?"

"இல்லீங்க. ஆனா அது வந்து..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

நான் சொன்ன இரண்டு பதிலும் உண்மை. இரண்டும் சேர்ந்து, உன் செருப்பை நீ விற்றுக் குடித்தாய் என்ற ஒரு பொய்யாகிவிட்டது. காகிதத்தை நீட்டினார்கள். இங்கிலீஷ். ஓர் எழுத்துகூடத் தெரியாது. மற்ற வண்டிக்காரர்கள் விரல் வைத்த இடத்தில் நான் தமிழில் என் பெயரை எழுதினேன். எழுதத் தெரியும் என்று காட்டத்தான் எழுதினேன். படித்துக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மனு போட்டேன். முதலாவது தமிழில் இருந்ததால் திரும்பி வந்தது. இரண்டாவதை மனு எழுதுபவரிடம் கொடுத்து இங்கிலீஷில் எழுதுவித்தேன். அது எப்படியோ கணக்கப்பிள்ளை கைக்கே வந்தது. "சத்தியம் பண்ணிச் சொன்னத மாத்துனா உள்ளதான் போகணும். வயசான காலத்துல ஏன்?" என்று அன்பாகச் சொல்லி மடித்துக் கொடுத்தார். நான் குடியிருக்கும் லயக்காம்பரா ஸ்டோருடையது. ஏற்றும் பாரமும் ஸ்டோருடையது. எங்கே போவேன்?

வண்டிக்காரர்களும் என் பக்கம் இல்லை. பிலிமத்தலாவையில் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஒரு செருப்ப வச்சிக்கிட்டு ரெண்டு வண்டி ஓட்டுனோம்னு நீங்களே எழுதிக் குடுத்தா, எங்க எல்லாரோட லைசனும் போயிரும் ஐயா. செத்தவரு எந்திரிச்சா வரப்போறாரு?" நான் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். மனு எழுதுவதையும் நிறுத்தியிருந்தேன். அதுதான் வெட்கம்.

உன் பெண்சாதி ஸ்டோரில்தான் கோப்பிக்கொட்டை பொறுக்குகிறாள். போன வாரம் வாசலில் என்னைக் கண்டு முக்காட்டை இழுத்துக்கொண்டு வந்தாள். "குடிகாரன் பொண்டாட்டின்னுதான் பேர் கூப்புடுறாங்க அண்ணே. அவரு வாயில அந்த வாடைய நான் ஒருநாளும் மோந்ததில்ல." கைத்தூசியை முந்தானையில் துடைத்தாள். "எதையும் கெளறாதீங்கன்னு ஊரே ஒங்ககிட்டச் சொல்லுதாம். நான் சொல்லல." திரும்பி உள்ளே போய்விட்டாள்.

இன்று உச்சியில் என் புதிய ஜோடி வண்டிக்காரன், உன் வயதுக்காரன்தான், மழையைப் பார்த்துவிட்டு, "செருப்ப நீங்களே மாட்டிக்குங்கண்ணே, நான் கெளை கட்டிக்கிறேன்" என்றான். ரோட்டின் நடுவில் மாடுகளை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பின்னால் பதினோரு வண்டி நின்றது. எல்லாரும் ஏசினார்கள். கடைசியில் பழைய முறைப்படி ஒவ்வொன்றாய் இறங்கினோம். ஆவி எழும்பியது அந்த இறக்கத்தில்தான். அந்த வாடையில் நின்றபோது முடிவு செய்தேன். ஆகவேண்டியதை உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டோர் துரை வண்டிக்கு ஒரு செருப்பு கொடுக்க வேண்டும், கொடுக்காத வண்டியில் ஒரு மூட்டைகூட ஏற்றக்கூடாது. செருப்பு இருக்கிறதா என்று ஓவர்சியர் உச்சியிலேயே பார்க்க வேண்டும். அடிவாரத்தில் நின்று ரோட்டில் கீறலை மட்டும் தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. கோர்ட்டில் கையெழுத்து வாங்குமுன் எழுதியதைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டியது அந்த மொழிபெயர்ப்பவரின் வேலை. கணக்கப்பிள்ளை எத்தனை செருப்பு கொடுத்தார் என்பதைத் திரும்பவும் சத்தியம் செய்து சொல்ல வேண்டும், இந்த முறை உன் பெண்சாதி எதிரே நிற்க. வண்டிக்காரர்கள், லைசன் போனாலும் சரி, செருப்பில்லாமல் உச்சியைவிட்டு இறங்கக்கூடாது. மழையில் கிளையை நம்பவே கூடாது.

நான் செய்யவேண்டியது, திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போய், செருப்பு என் சக்கரத்தில் இருந்தது, இருவருக்கும் பொதுவானதை நான் ஒருவன் மாட்டிக்கொண்டு இறங்கினேன் என்று சொல்வது. உள்ளே போட்டால் போடட்டும். செவலைக்கும் அவன் ஜோடிக்கும் தண்ணீர் காட்டவேண்டியது உன் பெண்சாதி. ஞாயிறு மாலை அவள் வாசலில் இரண்டு மாட்டையும் கட்டிவிட்டு வருகிறேன்.