அமிலத்தில் கழுவும் புஷ்ஷுக்கு எந்தப் பிளாஸ்டிக்?

ஜூன் 3, செவ்வாய்

பால் ஆலைக்கு நாங்கள் லேத்தில் கடைந்து கொடுத்த நைலான் புஷ்கள் நான்கும் இறுகிவிட்டன. ஆலையின் ஃபிட்டரே கொண்டுவந்து மேசையில் போட்டார். பாட்டில் நிரப்பும் இயந்திரத்தில் தண்டு உள்ளே சுழல்வதற்கான வளையங்கள். "தண்டு சுத்தவே மாட்டேங்குதுக்கா. சண்டை போட்ட சம்பந்தி மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்குது." இன்னொரு முறை இறுகினால் உதிரி பாகங்கள் எல்லாவற்றையும் இயந்திரக் கம்பெனியிடமே வாங்கிக்கொள்வதாக மேலாளர் சொல்லியிருக்கிறாராம். எங்கள் பட்டறையின் பாதி வேலை அந்த ஆலையுடையது.

ஜூன் 4

கடைந்தவள் என் நாத்தனார். காலையிலிருந்து முகம் சரியில்லை. "அளவு பிசகவே இல்லை அண்ணி." பிசகவில்லைதான். நைலான் தண்ணீரை உறிஞ்சி ஊதியிருக்கிறது. துளை சுருங்கித் தண்டைப் பிடித்துக்கொண்டது. இங்கே காய்ந்த நிலையில் அளந்தோம், அங்கே நாள் முழுக்க நனைகிறது. அடி தாங்கும் என்று நைலானை எடுத்தோம். அந்த இடத்தில் அடி ஏது?

தண்ணீர் அதிகம் குடிக்காத அசெட்டால் பிளாஸ்டிக்தான் சரி. சந்தேகமே இல்லை.

ஜூன் 6

அசெட்டால் வந்தது. நைலான் சீவல் நூலாக உளியைச் சுற்றும். இது பொடியாக உதிர்கிறது. ஒரு வளையத்தை வாளித் தண்ணீரில் போட்டு வைத்தேன்.

ஜூன் 9

அளவு மாறவில்லை. நான் சொன்னதுதான்.

ஜூன் 10

புஷ்களை வாங்க வந்த ஃபிட்டர் போகிற போக்கில் சொன்னார்: சனிக்கிழமைதோறும் இயந்திரத்தை அமிலம் விட்டுக் கழுவுவார்களாம். அசெட்டாலை அது அரித்துவிடும்.

"முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நீங்க கேக்கலையேக்கா!"

நாத்தனாருக்குச் சிரிப்பு. "தண்ணி போடாத மாப்பிள்ளையாப் பார்த்தோம் அண்ணி. அவருக்குப் புளிப்பு ஆகாதாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சே — கேட்டிருக்க வேண்டாமா? ஃபிட்டரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துக் கேட்டேன். பாரம்? அதிகமில்லை. சூடு? கை பொறுக்கும். வேகம்? மெதுவாகத்தான். அப்படியானால் பாலிஎத்திலீன்; சமையலறை வெட்டுப்பலகை செய்கிற அந்த வெள்ளைப் பிளாஸ்டிக். தண்ணீரும் குடிக்காது, இந்த அமிலத்துக்கும் அசையாது. மென்மைதான், இந்தப் பாரத்துக்குப் போதும்.

ஜூன் 12

கடைந்த சூட்டில் அளந்தால் பாலிஎத்திலீன் ஏமாற்றும். ஆறவிட்டு அளந்தோம். கொடுத்தாயிற்று.

ஜூன் 20, வெள்ளி

போன சனிக்கிழமைக் கழுவலுக்குப் பிறகும் தண்டு தடையின்றிச் சுழல்கிறது. ஃபிட்டர் கையால் சுற்றிப் பார்த்தாராம். வேறொரு இயந்திரத்தின் தேய்ந்த பற்சக்கரத்தையும் எடுத்து வந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"இது நனையுமா? அமிலம் படுமா? அடி விழுமா?"

"மூடின பெட்டிக்குள்ள இருக்கும்மா. அடிதான் பலமா விழும்."

அவள் நைலானை எடுத்து வைத்தாள்.

மேலாளரின் முடிவு இன்னும் வரவில்லை. நாளை இரண்டாவது அமிலக் கழுவல். திங்கட்கிழமை புஷ்களைக் கழற்றி அளந்த பிறகு சொல்வாராம்.