ஹாலந்துக்காக ஜெலுத்தோங் அடங்கிய கதை

ஜெலுத்தோங், பினாங்கு
14.11.1992

அன்பு மகள் சிவகௌரிக்கு,

தண்ணீர்மலை முருகன் காவலில் இங்கே நாங்கள் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் இன்னும் அவன் கண்ணில் படவில்லை. நீயும் அங்கே ஹாலந்தில் சுகமாயிருக்க வேண்டும். உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதில் நீ, ஆதியில் பிரபஞ்சம் முழுக்க இருட்டாய் ஹைட்ரஜன் வாயு நிறைந்திருந்தது, முதல் நட்சத்திரங்கள் பற்றிக்கொண்டதும் அது கலைந்து எல்லாம் தெளிந்தது, அந்த வாயு விட்ட ரேடியோ அலையைத்தான் தேடுகிறேன், ஆனால் ஊரார் டிவியும் மோட்டார்சைக்கிள் பிளக்கின் பொறியும் சேர்ந்து அதை அமுக்கிவிடுகின்றன என்று எழுதியிருந்தாய். இந்த மாதத்துக்குள் அகப்படாவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள், உனக்கும் வேலையில்லை என்று எழுதினாயே, அதைப் படித்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை.

ஆகவே நீ தொலைநோக்கியில் உட்காரும் நேரத்தை நம் ஊர் நேரத்துக்கு மாற்றி, நம் ஃபிளாட்டில் வீடு வீடாய்ப் போய் டிவியை அடைக்கச் சொன்னேன். எதிர்வீட்டு சபூரா ஒரு கேள்வி கேட்கவில்லை, பிள்ளைக்குப் பரீட்சை என்றால் அடைக்கமாட்டோமா என்றாள். கீழே வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் அர்ஜுனன்தான், அங்கிள், ஹாலந்து எங்க இருக்கு, ஜெலுத்தோங் எங்க இருக்குலா என்று சிரித்தான். ஆனாலும் பாவம், அந்த நேரத்தில் ஒரு எஞ்சினையும் முடுக்கவிடவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் மோட்டார்சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள், பார்த்தவர்கள் ஊரில் பெட்ரோல் தீர்ந்துவிட்டதென்று பேசிக்கொண்டார்களாம். கடைசியில் பிடிபட்டது யார் தெரியுமா, உன் அம்மா! போர்வைக்குள் டிவியை வைத்துக்கொண்டு தமிழ்ப்படம் பார்க்கிறாள். கேட்டால், சத்தத்தை அடைச்சிட்டுத்தானே பார்க்கிறன், பிள்ளைக்கு இது எப்படிக் கேட்கும் என்று என்மேலேயே பாய்கிறாள். அவளை வைத்துக்கொண்டு நான் எந்தப் பிரபஞ்சத்தைத் திருத்துவது?

இப்போது காலையில் ரொட்டி வாங்கப் போனாலும் கேட்டதா அங்கிள், கேட்டதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இன்னும் இல்லை என்றால் முகம் வாடிப்போகிறார்கள்.

மகள், ஹாலந்து எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாமலில்லை. இங்கே அடைத்த டிவி அங்கே ஒரு தூசிக்கும் உதவாது. ஆனால் நீ அங்கே தனியாக அழுதுகொண்டிருக்க, இங்கிருந்து நான் வேறென்னதான் செய்வேன், சொல்லு. ஒன்றும் அகப்படாவிட்டால் அகப்படவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறு. உன் கட்டிலில் குவித்து வைத்திருக்கும் என் சட்டைகளை எடுத்துவிடுகிறேன்.

முருகன் உனக்குத் துணையிருப்பான், தீர்க்காயுசாய் இரு. குளிருக்குக் காதை மூடிக்கொள்ளச் சொல்கிறாள் அம்மா. மாத முடிவுவரைக்கும் இங்கே யாரும் டிவி போடமாட்டோம்.

எந்நேரமும் உன் நினைவாயிருக்கும்
அப்பா,
கனகசுந்தரம்