பீரில் போன சுக்குப்பொடி

அம்மாவுக்கு உன் மகன் கும்பிட்டு எழுதுவது. நான் நலம். உன் மூட்டுவலியும் அப்பாவின் கோபமும் இப்போது எப்படி இருக்கின்றன?

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். இங்கே தடுக்கி விழுந்தால் பீர் கம்பெனிதான். அதில் எங்களுடையது புதிது. தனியாகத் தெரிய வேண்டுமென்று முதலாளி பீரில் பூசணிக்காயைப் போட்டார், பிறகு காளானைப் போட்டார். குடித்தவன் துப்பினான். மிச்சத்தைக் கொட்டித் தொட்டியைக் கழுவியது நான்.

போன வாரம், என் இருமலுக்கு நீ இடித்து அனுப்பிய சுக்குப்பொடியை முதலாளி மோந்து பார்த்தார். "இதைத்தாண்டா இத்தனை நாளா தேடினேன்!" என்று டப்பாவைச் சின்னத் தொட்டியில் கவிழ்த்துவிட்டார். சாராய வாடைக்கே மூக்கைப் பொத்துகிறவள் நீ. உன் கைப்பொடி கண்டவன் வாயில் நுரைத்தது. சீ, என்ன பிழைப்பு! அது ஒரே நாளில் விற்றுத் தீர்ந்ததுதான் இன்னும் அருவருப்பு. "அம்மாகிட்ட சொல்லி மூட்டையா அனுப்பச் சொல்லு" என்கிறார்.

கவலைப்படாதே, இருமல் லேசாகத்தான் இருக்கிறது. காலி டப்பாவை நான் கழுவவில்லை. படுக்கும்போது திறந்து மோந்துகொள்கிறேன். எனக்கு மட்டும் ஒரு பிடி அனுப்பு. பொட்டலத்தின் மேலே சோப்புத்தூள் என்று எழுது. வேண்டாம், அதையும் போட்டுப் பார்ப்பார். எலிமருந்து என்றே எழுதிவிடு.

மணியடித்துவிட்டது, போகிறேன்.

உன் மகன்